ஒரு காசு பாக்கி

பிப்ரவரி 3

நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பேக்கரியின் குளிர் அறையையும் பிரிட்ஜ்களையும் தங்கள் நிறுவனம் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறது. இந்த மாதத்தோடு அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறேன். வேலையில் குறை எதுவும் இல்லை. தங்கள் மெக்கானிக், எல்லோரும் ஸ்பானர் என்று கூப்பிடுகிற அந்த ஆள், வாய் ஓயாமல் பேசினாலும் கை சுத்தமான வேலைக்காரர்.

போன வாரம் தங்களிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "தங்கள் கணக்கு முழுமையாக முடிக்கப்பட்டது. தங்களிடமிருந்து வர வேண்டியது எதுவும் இல்லை. இதுவரை எங்களுடன் இருந்தமைக்கு நன்றி" என்று இருந்தது. நானும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஒரு காசு வர வேண்டியிருந்தது என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது வேண்டாம் என்று தாங்களே முடிவு செய்த பிறகு நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஸ்பானர் இங்கே ஒரு ஏணியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: ஏணி நிறுவனத்தின் சொத்து அல்ல. அப்பாவுடையது. பத்திரமாகக் கொண்டுபோகச் சொல்லவும்.


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நலமாக இல்லை. "நிர்வாகி அவர்களுக்கு" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கூடப் பிறந்தவளைக் கடுகு கடுகு என்று கூப்பிட்ட வாய் அது. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் ஏணி எடுக்க வரும் ஸ்பானரின் சட்டைப்பையில் இதை வைத்து அனுப்புகிறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் என்னைத் திட்டாதே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகள், அதான் உன் மருமகள், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள் என்று ஸ்பானர் சொல்லியிருப்பான். அம்மா மாதா மாதம் பில்களோடு மல்லுக்கட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று, எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரோடு ஒரு ஏ.ஐ. ஏஜெண்டை இணைத்துக் கொடுத்தாள். ஆள் கிடையாது, உருவம் கிடையாது, டீ வாங்கித் தர வேண்டியதில்லை. நாங்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறோம். வங்கியில் பணம் வந்து விழுந்ததும், அனுப்பியது யார், எந்த பில்லுக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, செக்கா ரொக்கமா என்று எல்லாம் பார்த்து அதுவே வரவு வைத்துவிடும். முழுப் பணமும் வந்துவிட்டால் பில் பச்சையாகிவிடும். குறைந்து வந்திருந்தால் மஞ்சளில் நிற்கும். பச்சையானவர்களுக்கு நன்றிச் செய்தியும் அதுவே அனுப்பிவிடும்.

அன்று காலையில் அது என்னிடம் சில கேள்விகள் கேட்டிருந்தது. பால் டிப்போவில் குளிர் அறை நின்றுபோய், அவர்கள் ஆள் வாசலில் நின்று "அக்கா, பால் பூரா திரிஞ்சிடும் அக்கா" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் எதையும் படிக்காமல் "எல்லாவற்றுக்கும் சரி" என்ற பொத்தானை அமுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னேன். அந்தக் கேள்விகளில் ஒன்று உன்னைப் பற்றியது. "இந்த வாடிக்கையாளர் தொடர்ந்து ஒரு காசு குறைத்துச் செலுத்துகிறார். தவறாக இருக்கலாம். தள்ளுபடி செய்து பில்லை முடிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். கணக்குப்பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அது கேட்டது. நான்தான் பார்க்கவில்லை.

அண்ணா, பச்சையாக இருக்கிற பில்களை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாதா மாதம் உன்னுடைய மஞ்சளைத்தான் முதலில் தேடுவேன். போன மாதத்து ஒரு காசைச் சேர்த்து அனுப்பி, இந்த மாதத்தில் ஒரு காசைப் பிடித்துக்கொண்டிருப்பாய். மஞ்சள் இருந்தால் அண்ணன் நன்றாக இருக்கிறான், அவன் கோபமும் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பேன்.

அப்பா யாரிடமும் கடைசிக் காசை வாங்கியதில்லை. எண்ணிப் பார்த்து ஒன்றை மட்டும் மேசை மேல் திருப்பித் தள்ளுவார். "இருக்கட்டும், அடுத்த தடவ வாங்கிக்கிறேன். கணக்கு சுத்தமா முடிஞ்சிட்டா அந்த ஆளு எதுக்கு நம்ம கடைக்கு வரணும்?" என்பார். அவருக்குப் பிறகு நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஆடிட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நீ விடவில்லை. உன் பேக்கரிக்காக அப்பா விட்டுப்போன இந்தக் கடையை அடமானம் வைக்கக் கேட்டாய், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் மனுஷனே இல்ல. இன்னியிலேருந்து நான் உனக்கு வெறும் வாடிக்கையாளர்" என்று சொல்லிவிட்டுப் போனாய். கையெழுத்துப் போடாதது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன், முதல் பில்லிலேயே ஒரு காசு குறைத்து அனுப்பினாய். அன்று கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வாடிக்கையாளன் என்றாலும் திரும்பி வருகிற வாடிக்கையாளன் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தள்ளுபடியை ரத்து செய்துவிட்டேன். உன் பில் மறுபடி மஞ்சளாகிவிட்டது. நீ எனக்கு ஒரு காசு தர வேண்டும். ஒப்பந்தத்தை முடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உன் தங்கை


பிப்ரவரி 12

நிர்வாகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எண்ணெய்க் கறையும் கிடைத்தது. ஸ்பானர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஏணியை எடுக்காமலே போய்விட்டார். கேட்டால் "அடுத்த தடவ வர்றப்ப எடுத்துக்கிறேன்யா" என்கிறார். அவர் எந்தக் கட்சி என்று புரியவில்லை.

முடித்தது நானல்ல, இயந்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கேட்டதாம், நீங்கள் பார்க்கவில்லையாம். சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு இந்தக் குணம் உண்டு. முழுதாகக் கேட்காமலே தலையை ஆட்டுவீர்கள். தலையாட்ட வேண்டிய ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆட்டவில்லை.

கணக்குப்பிள்ளையிடம் எனக்கு வருத்தம் கிடையாது. பார்க்கப்போனால் நான் குறைத்துக் கொடுக்கிறேன் என்பதை இத்தனை காலத்தில் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அதுதான். ஆனால் மாதம் தவறாமல் ஒரே தவறை ஒருவன் செய்வான் என்று அது நம்புகிறது பாருங்கள், அதற்கு இன்னும் உலகம் தெரியவில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

வேறு நல்ல ஆள் கிடைக்கும்வரை ஸ்பானர் வரலாம். இதை ஒப்பந்த நீட்டிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

பின்குறிப்பு: மருமகளைத் திட்டியிருந்தால் அது என் காதுக்கு வரும். அவள் அம்மாவின் கண்ணை நினைத்துச் செய்திருக்கிறாள். அதில் என்ன தப்பு?


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

"முன்னாள்" போய்விட்டது. நான் கவனித்தேன். நீ என்னைப் பன்மையில் திட்டினாலும் இனிப்பாகத்தான் இருக்கிறது. யாரும் என்னை இப்படித் திட்டி ரொம்ப நாளாகிறது. கடையில் எல்லோரும் அக்கா அக்கா என்று பயப்படுகிறார்கள்.

கணக்குப்பிள்ளைக்கு உலகம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறிப்பு எழுதி வைக்க இடம் இருக்கிறது. உன் பெயருக்குக் கீழே, "இவர் கணக்கை ஒருபோதும் முழுதாக முடிக்கக் கூடாது. ஒரு காசு பாக்கி நிற்க வேண்டும்" என்று எழுதினேன். காரணம் கேட்டது. என்ன சொல்வது? உன் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "குடும்ப வழக்கம்" என்று அடித்தேன். "புரிந்தது. இனி உங்களைக் கேட்காமல் இந்தப் பாக்கியைத் தொட மாட்டேன்" என்றது. அதற்குப் புரிந்தது, உனக்குப் புரிய இத்தனை வருடம்.

விளையாட்டு இருக்கட்டும். ஸ்பானர் ஒன்று சொன்னான். "ஐயா பாதியா இளைச்சிட்டாருக்கா. குளிர் ரூமுக்குப் போறதுக்குள்ள மாவு மூட்டை மேல ஒரு தடவ உக்காந்து எந்திரிக்கிறாரு" என்கிறான். உண்மையா? கல்யாணம் வேண்டாம் என்று அடுப்பைக் கட்டிக்கொண்டாய். அடுப்பு உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகுமா? வேலையை உன் பேக்கரி மேஸ்திரியிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருந்தால் குடிமுழுகிப் போகாது.

நான் இந்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டாவது வருகிறேன். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது நீதான், நான் செய்யவில்லை.

உன் தங்கை


மார்ச் 2

கடுகுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஸ்பானரை இரண்டு தடவை வெறுங்கையோடு அனுப்பினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன்காரனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்பானர் சொன்னது உண்மைதான். இதயம் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டதாம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். பேக்கரி அடுப்பு மாதிரி இருந்தது, ஒரு பக்கம் மட்டும் அனல் ஏறவில்லை. மாத்திரை தந்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னார், படி ஏறக் கூடாது என்றார். கோபப்படக் கூடாது என்றும் சொன்னார். அதைத்தான் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நன்றிச் செய்தி வந்தபோது நான் ஸ்கேன் எடுக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த எல்லோரோடும் யாராவது வந்திருந்தார்கள். போன் சத்தம் போட்டது, உன் கடைப் பெயர். ஒரு நொடி, எப்படியோ தெரிந்துகொண்டு நீதான் விசாரிக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். திறந்து பார்த்தால், என்னிடமிருந்து வர வேண்டியது எதுவும் இல்லை, இதுவரை இருந்ததற்கு நன்றி. கடுகு, நான் பயந்துவிட்டேன். செத்துப்போவதற்கு அல்ல. நீயும் முடித்துவிட்டாய் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் அப்படி ஒரு கடிதம் எழுதினேன்.

நீ வர வேண்டாம். நான் வருகிறேன். கோபித்துக்கொண்டு போனவன் நான், நடந்து வர வேண்டியவனும் நான்தான். நீ வந்து பார்த்தால் நோயாளியைப் பார்க்க வந்ததாக ஆகிவிடும். அது எனக்கு வேண்டாம். சத்தியத்துக்கு மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னது அந்தப் பழைய செருப்புதானய்யா. புதுச் செருப்பு எதுவும் சொல்லலயே" என்கிறான். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன், இங்கே மாவு பிசைகிறான். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வருகிறேன். அந்த ஒரு காசையும் நானே கொண்டுவந்து உன் மேசை மேல் வைக்கிறேன். அப்பா மாதிரி அதைத் திருப்பித் தள்ளு.

இன்னொன்று. அன்று நீ கையெழுத்துப் போட்டிருந்தால் உன் கடையும் போயிருக்கும், என் கடையும் போயிருக்கும். இதை ஸ்பானரிடம் சொல்லிவிடாதே. ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

அண்ணன்


மார்ச் 5

என் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. உன் மருமகள் வாங்கிப் படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நன்றிச் செய்தியின் வாசகத்தை எழுதியது அவள்தான். "நான் மரியாதையாத்தாம்மா எழுதினேன், மாமா அங்க தனியா உக்காந்து அதைப் படிப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்று அழுகிறாள். அந்த வாசகத்தை எல்லோருக்கும் சேர்த்தே மாற்றிவிட்டாள். இப்போது "பணம் கிடைத்தது, நன்றி, மீண்டும் வாருங்கள்" என்று மட்டும்தான் போகிறது.

அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போதே பஸ் ஏறி வந்துவிடுவேன். ஆனால் நீ நடந்து வர வேண்டும் என்கிறாய். உன் வீம்பு எனக்குத் தெரியும். நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாய், ஆனால் உள்ளுக்குள் குன்றிப்போவாய். சரி, உன் சத்தியம், உன் கால். காத்திருக்கிறேன். ரொம்ப நாள் காக்க வைக்காதே.

கடை வாசலில் இரண்டு படி இருக்கிறது, நினைவிருக்கிறதா? படி ஏறக் கூடாது என்றால் என்ன செய்வாய்? ஸ்பானரும் நானும் சேர்ந்து ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறோம். பிரிட்ஜ் ஏற்றுவதற்கு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பலகையில் ஏறி வந்தால் படியை மிதித்ததாகவே ஆகாது. உன் மேஸ்திரி மட்டும்தான் வக்கீலா?

கடுகு


மார்ச் 21

கடுகு,

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும். கவலைப்படாதே, மாத்திரை அப்படிச் செய்யுமாம்.

செருப்பு வாங்கியாகிவிட்டது. தெருமுனை வரைக்கும் நடந்து பழகலாம் என்று நினைத்தேன். மேஸ்திரி விடவில்லை. "புதுச் செருப்பு மொதல்ல அங்கதான் மிதிக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். அதனால் பழைய செருப்பில் நடந்து பழகுகிறேன்.

வருகிற ஞாயிறு. காலையில் முதல் சூடு பன் இறக்கியதும் கிளம்புகிறேன். உனக்கும் மருமகளுக்கும் எடுத்து வருகிறேன். இந்த மாத பில்லை அதற்குள் அனுப்பிவிடாதே. காசைக் கையில் கொடுத்த பிறகு அனுப்பு. அடுத்த பில்லில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

பலகை விஷயம் நன்றாக இருக்கிறது. அப்பா இருந்தால் சிரித்திருப்பார்.

அண்ணன்


ஏப்ரல் 30

என் அண்ணாவுக்கு,

ஸ்பானரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தால், "யாருகிட்டக்கா குடுக்கணும்?" என்று கேட்பான். பாவம், அவனை அப்படிக் கேட்க வைக்கக் கூடாது. அதனால் இது என் மேசையிலேயே இருக்கும். இருந்தாலும் உனக்குத்தான் எழுதுகிறேன், வேறு யாருக்கு எழுத?

நீ சொன்ன ஞாயிறு வருவதற்கு முன்பே வியாழக்கிழமை வந்துவிட்டது. மேஸ்திரி போன் செய்தபோது உன் பேக்கரி எண்ணைப் பார்த்துவிட்டு, என்ன அவசரம் இவனுக்கு, ஞாயிறுதானே வருகிறான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாளாகிவிட்டதாம். "அவகிட்ட சொல்லாதே, ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிச்சிடுவேன்" என்று தடுத்துவிட்டாயாம். நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இல்லாத உன் முகத்தை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

அண்ணா, என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது. உன் வீம்புக்கு மரியாதை கொடுத்துக் காத்திருந்தேன். பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஏதோ பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டவள் போல உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பதில் ஒரு பஸ் ஏறியிருக்கலாம். நீ குன்றிப்போனால் போயிருக்கட்டும். உயிரோடு குன்றிப்போயிருப்பாயே.

உன் புதுச் செருப்பை மேஸ்திரி என்னிடம் கொடுத்தான். அட்டைப் பெட்டியோடு இருந்தது, அடியில் மண் படவில்லை. மருமகள் அதை எங்கே வைப்பது என்று கேட்டாள். இப்போதைக்கு என் நாற்காலிக்குக் கீழே இருக்கிறது. பலகையை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், ஸ்பானர் கேட்கவில்லை. "பிரிட்ஜ் ஏத்தத்தான வச்சோம், இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவின் ஏணியை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

உன் கணக்கைச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து நான் கடைக்கு வந்த அன்று கணக்குப்பிள்ளை ஒரு கேள்வியோடு காத்திருந்தது. உன் பேக்கரியிலிருந்து பணம் வந்திருக்கிறது என்றது. வந்த நாளைப் பார்த்தேன், நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாள். "பில் இன்னும் அனுப்பப்படவில்லை. வழக்கமான மாதத் தொகையும் பழைய பாக்கியும் சேர்ந்து வந்திருக்கின்றன. அதில் ஒரு காசு குறைகிறது. உங்கள் குறிப்பின்படி பாக்கி வைத்து வரவு வைக்கட்டுமா?" என்று கேட்டது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். சொன்னான். "ஞாயித்துக்கிழமை நான் அங்க போறது சந்தேகமா இருக்குடா, கடுகோட பில்ல மொதல்ல கட்டிடுன்னு சொன்னாரும்மா. முழுசா கட்டிரட்டுமாய்யான்னு கேட்டேன். திட்டினாரு. ஒரு காசு நிறுத்திக்கிட்டுக் கட்டு, முழுசா கட்டினா அவ பயந்துடுவான்னு சொன்னாரு."

அந்தப் பெஞ்சில் நீ பயந்த பயத்தை நான் படக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும் அதை நினைத்திருக்கிறாய்.

பேக்கரியை மேஸ்திரியே எடுத்து நடத்துகிறான். அவன் பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்தாயிற்று. உன் கணக்கு அப்படியே நிற்கிறது. இன்று மாதக் கடைசி. கணக்குப்பிள்ளை கேட்டது, இந்த முறை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். "இந்த வாடிக்கையாளரிடமிருந்து இனி வரவு இருக்காது என்று தெரிகிறது. ஒரு காசு பாக்கி உள்ளது. தள்ளுபடி செய்யலாமா, நினைவூட்டல் அனுப்பலாமா, அப்படியே வைக்கலாமா?" ஆடிட்டரும் காலையில் போன் செய்து, செத்தவர் கணக்கை எதற்கு இழுத்துக்கொண்டே போகிறீர்கள், முடித்துவிடுங்கள் என்றார். அவருக்குத் தலையாட்டவில்லை. இந்த ஒரு தடவை சரியான இடத்தில் தலையாட்டாமல் இருந்திருக்கிறேன், நீ பாராட்ட வேண்டும்.

"அப்படியே வை" என்று அடித்தேன். சரி என்றது, வேறு எதுவும் கேட்கவில்லை.

எல்லோரும் பச்சையாகிவிட்டார்கள், பால் டிப்போக்காரன்கூடக் கொடுத்துவிட்டான். நீ ஒருவன்தான் தர வேண்டும். நான் பில்லை அனுப்பவில்லை, நீ கையில் தந்த பிறகு அனுப்பு என்று சொல்லியிருக்கிறாய். வாசலில் பலகை இருக்கிறது. வந்து கொடு அண்ணா.

கடுகு